வெட்டும் முன்னே வந்து சேர்ந்த துண்டு

நான்காவது முறையாக அவள் எண்ணி முடித்தபோது மதியம் இரண்டு மணி. கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியிலிருந்து எடுத்துப் பெட்டியில் செருகினாள். கட்டைவிரலால் அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூட்டும் சின்ன இரும்புக் கருவி ஐம்பத்தெட்டு என்று காட்டியது. ஆயிரம் செல்களில் ஐம்பத்தெட்டு பழுப்பு. முதல் முறை ஐம்பத்தேழு. இரண்டாம் முறை ஐம்பத்தொன்பது. மூன்றாம் முறை மறுபடி ஐம்பத்தேழு.

தப்பாக எண்ணியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தப்பு இங்கேதான் என்று ஒரு இடத்தைக் காட்டியாவது அழலாம்.

மூளையில் வரும் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. அறுவைக்கு வரும் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை, வெறும் குறி. எந்தச் செல் இரண்டாகப் பிரிவதற்காகத் தன் மரபுப்பொருளை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறதோ, அது மட்டும் இந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கும்போது கடலை அளவுக்கு ஒரு துண்டு இவளுடைய ஆய்வகத்துக்கு வரும். பாதியில் சாயமேற்றி எண்ணுவாள். குறி ஏறிய செல் பழுப்பு, ஏறாதது நீலம். மீதிப் பாதியைக் கரைத்து, செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டுப் பார்க்கும் இயந்திரத்தில் விடுவாள். குறி ஏறிய செல்கள் நகல் வேலையில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கின்றன என்று அது சொல்லும். கடந்த தூரம் தெரியும். ஊசி போட்டதிலிருந்து துண்டை எடுத்தது வரை எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். தூரமும் நேரமும் கையில் இருந்தால் வேகம் சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும். அந்த வேகத்தோடு பழுப்பு எண்ணிக்கையையும் சேர்த்தால், கட்டி இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு வரும்.

இரண்டு வருடம், முப்பத்தொரு நோயாளிகள், ஒரே ஒரு அட்டவணை. அந்த அட்டவணைக்குத்தான் கதிர்சிகிச்சைப் பிரிவு காத்திருந்தது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கதிர் கொடுப்பது என்பதை அதை வைத்து மாற்றப்போகிறார்கள். அவளுடைய முனைவர் பட்டமும் அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம். இன்று செவ்வாய்.

சிக்கல் என்னவென்றால், கட்டிகள் சோம்பேறியாகிக்கொண்டே போயின. முதல் பத்து நோயாளிகளுக்கு ஒழுங்கான கணக்கு வந்தது. அடுத்த பத்தில் வளர்ச்சி கொஞ்சம் மந்தம். கடைசிப் பதினொன்றில் இன்னும் மந்தம். அதே வகைக் கட்டி, அதே வயதுக்காரர்கள், அதே மருத்துவமனை. மாதம் ஏற ஏற வளர்ச்சி இறங்கியது. நோய்க்கு நாட்காட்டி பார்க்கத் தெரியுமா என்ன?

பேராசிரியர் ஒரே முடிவாக இருந்தார்.

"நீ களைச்சுப்போயிட்டம்மா. ஆரம்பத்துல சுறுசுறுப்பா எண்ணின. போகப்போகப் பழுப்பையெல்லாம் கோட்டை விட்டுட்ட. வேற என்ன இருக்கு இதுல? திரும்ப எண்ணு."

"எண்ணிட்டேன் சார்."

"இன்னொரு தடவை எண்ணு."

எதிர்த்துப் பேச அவளுக்கு நான்கு நல்ல காரணங்கள் இருந்தன. நான்கையும் மென்று விழுங்கிவிட்டு வந்து எண்ணினாள். அப்படித்தான் நான்கு முறை ஆயிற்று. கண் பூத்துப்போனது. சுவரைப் பார்த்தாலும் சோற்றைப் பார்த்தாலும் நீலப் புள்ளிகள். பேருந்தில் எதிரே நின்றவரின் சட்டைப் பொத்தான்களை அவள் விரல் தானாக அழுத்தி எண்ணியது.

எண்ணிக்கை சரி. அப்படியானால் வேறு எது தப்பு? சாயப் புட்டிகளின் தேதியைப் பார்த்தாள். சரி. இயந்திரத்தின் பராமரிப்பு ஏட்டைப் பார்த்தாள். சரி. கடைசியில், துண்டு வந்து சேரத் தாமதமாகிக் கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தில், ஆய்வகக் கவுன்டரில் இருக்கும், துண்டுகளின் வருகைப் பதிவேட்டை வாங்கிவந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு துண்டோடும் அறுவை அரங்கிலிருந்து ஒரு சீட்டு வரும். ஊசி போட்ட நேரம், துண்டு எடுத்த நேரம் இரண்டும் அதில் இருக்கும். துண்டு ஆய்வகத்துக்கு வந்த நேரம் பதிவேட்டில் இருக்கும். சீட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினாள். ஒன்றாம் நோயாளி, எடுத்ததற்கும் வந்ததற்கும் இடையே பதினைந்து நிமிடம். இரண்டு, பதினைந்து. மூன்று, பதினைந்து. இருபத்தெட்டு வரை எல்லாமே பதினைந்து. துண்டைத் தூக்கிவரும் ஊழியர் இவ்வளவு ஒழுங்கானவரா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அடுத்த வரிக்கு வந்தாள்.

இருபத்தொன்பதாம் நோயாளி. துண்டு எடுத்த நேரம் பதினொன்று முப்பத்தைந்து. ஆய்வகத்துக்கு வந்த நேரம் பதினொன்று இருபது.

மறுபடி படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தாள். வெட்டி எடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே துண்டு வந்து சேர்ந்திருந்தது.

துண்டுகளைத் தூக்கிவரும் ஊழியருக்கு மருத்துவமனை முழுக்க 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர். குளிர்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். மாடிப்படியடியில் அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, இருபத்தொன்பதாம் நம்பர் துண்டு... நீங்க எத்தனை மணிக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"நம்பரெல்லாம் எனக்கென்ன தெரியும் டாக்டரம்மா? கொடுத்தா கொண்டுவருவேன்."

டாக்டர் பட்டம் வாங்காத அவளை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். அவள் சீட்டையும் பதிவேட்டையும் நீட்டினாள். அவர் படித்தார். முகம் மாறியது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னா, டாக்டர் கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடியே நான் உருவிக்கிட்டு ஓடியாந்துட்டேன்னு எழுதியிருக்கு."

"அப்படிச் சொல்லல அண்ணே..."

"வேகமா நடப்பேன், ஒத்துக்கறேன். அதுக்காக எமனுக்கே முன்னாடி போற ஆளுன்னு கட்டிவிடாதீங்க. அரங்கத்துல இருந்து இங்க ஏழு நிமிஷம். லிப்ட்டுக்கு நிக்கமாட்டேன், படிதான். ஏழுன்னா ஏழு."

"ஏழா? பதிவேட்டுல எப்பவும் பதினஞ்சுன்னு இருக்கே."

"பதினஞ்சா!" எக்ஸ்பிரஸுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது. "யாரு எழுதினது? வாங்க போய்க் கேப்போம்."

கவுன்டரில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி.

"பதினஞ்சு நிமிஷம் நான்தான் போடறது. அதுக்கென்ன இப்ப?"

"போடறதுன்னா?" அவள் கேட்டாள்.

"பெட்டி வரும்போது நான் பத்து வேலையில இருப்பேன். மத்தியானம் எல்லாத்தையும் சேர்த்து உட்கார்ந்து எழுதுவேன். சீட்டுல இருக்கிற நேரத்தோட பதினஞ்சைக் கூட்டிப் போட்டுட்டா முடிஞ்சுது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பு வந்திருக்கா சொல்லு?"

"இருபத்தொன்பதாம் நம்பர்?"

"அது நான் இல்லம்மா. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஒரு புதுப்பொண்ணை உட்காரவெச்சாங்க. அதுக்கு என்ன தெரியும்? பெட்டி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவெச்சுட்டுப் போயிருக்கு."

எக்ஸ்பிரஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வரிகளில் ஒரு வரிதான் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. அந்த ஒன்றுதான் பார்க்கத் தப்பு மாதிரி இருந்தது. அழகாக ஒத்துப்போன முப்பது வரிகளும் கற்பனை.

அப்படியானால் சீட்டில் இருந்த நேரம்? பதினொன்று இருபதுக்கு வந்தது, ஏழு நிமிட நடை. துண்டை எடுத்தது பதினொன்று பதிமூன்றுக்கு. சீட்டிலோ பதினொன்று முப்பத்தைந்து. இருபத்திரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது?

"அண்ணே, அரங்கத்துல சீட்டு எழுதறது யாரு?"

எக்ஸ்பிரஸின் சிரிப்பு நின்றது. தலையைச் சொறிந்தார்.

"சிஸ்டர்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாங்க." மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தக் கடிகாரம் பத்தி உங்களுக்கு யாருமே சொல்லலையா?" என்றார்.

இரண்டு வருடத்தில் அவள் அறுவை அரங்குக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. வெளிவாசலில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. அதற்கு இந்தப்பக்கம் நின்று பெட்டி வாங்கியிருக்கிறாள், அதுவும் முதல் இரண்டு முறை. அங்கே எல்லோரும் உரக்கப் பேசினார்கள், யார் நீ என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸே கொண்டுவந்து கொடுத்துவிட, அப்பாடா என்று இருந்துவிட்டாள்.

அன்று அந்தக் கோட்டருகே நின்று எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சுவரில் வட்டக் கடிகாரம். நான்கு மணி இரண்டு நிமிடம். தன் கைபேசியைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

தலைமை சிஸ்டர் பச்சை உடையோடு வெளியே வந்தாள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அரங்கமே அவள் சொல்படி நடக்கும்.

"என்னம்மா, எக்ஸ்பிரஸ் ஏதோ சொன்னான். என்ன பிரச்சனை?"

"சிஸ்டர், அந்தக் கடிகாரம்... இருபத்திரண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது."

"ஆமா. நான்தான் ஓடவெச்சிருக்கேன்."

கூச்சமே இல்லாமல் சொன்னாள். பிறகு அவளை உடைமாற்றும் அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"பெரிய டாக்டர் கை பொன்னான கை. ஆனா நேரம்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. கைக்கடிகாரத்தையும் போனையும் கழட்டி அலமாரியில வெச்சுட்டு, ஓய்வறையில உட்கார்ந்து கதை பேச ஆரம்பிச்சாருன்னா அவ்வளவுதான். இங்க நோயாளி மயக்கத்துல மேசையில கிடப்பாங்க. அரைமணி நேரம், முக்கால் மணி நேரம். மயக்கம் குடுத்து ஒரு ஆளைச் சும்மா படுக்கவெக்கறது விளையாட்டில்லை பொண்ணே. சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் ஓய்வறைக் கடிகாரத்தையும் அரங்கக் கடிகாரத்தையும் அஞ்சு நிமிஷம் நகர்த்திவெச்சேன். 'அடடா, நேரமாயிடுச்சே'ன்னு எழுந்து வந்தாரு பாரு!"

"அஞ்சு நிமிஷமா?"

"முதல்ல அஞ்சு. கொஞ்ச நாள்ல அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, 'இந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்துது சிஸ்டர்'னு இன்னும் ஒரு கதை பேசிட்டு வந்தாரு. நான் பத்தாக்கினேன். அதையும் கண்டுபிடிச்சாரு. பதினஞ்சு ஆக்கினேன். அப்படியே போயிட்டிருக்கு. எனக்கும் அவருக்கும் ரெண்டு வருஷமா ஓட்டப்பந்தயம்." அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இப்ப நோயாளி காத்துக்கிடக்கறதே இல்லை, தெரியுமா?"

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"நான்தான் நகர்த்தறேன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவரைத் தவிர."

தன்னையும் தவிர, என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊசி போடுவது தயார் செய்யும் அறையில். அதை மயக்க மருத்துவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார். அது சரியான நேரம். துண்டு எடுக்கும் நேரம் சிஸ்டரின் கடிகாரம். ஒரே சீட்டில் இரண்டு கடிகாரங்கள். நூற்றுப் பதிமூன்று நிமிடத்தை நூற்று முப்பத்தைந்து நிமிடம் என்று எடுத்துக்கொண்டு, பாவம், செல்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மந்தமாகிக்கொண்டே போனது கட்டி இல்லை. சிஸ்டரின் முள்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"எப்பெப்ப எத்தனை நிமிஷம் நகர்த்தினீங்கன்னு எங்கயாவது எழுதிவெச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

"இதையெல்லாம் எழுதிவெப்பாங்களா? அவரு லீவுல போனா சரியா வெச்சுடுவேன். வந்ததும் மறுபடி நகர்த்துவேன், கைக்கு வந்தபடி." சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். பெரிய குரல் முதல்முறையாகத் தணிந்தது. "ஏன்மா, ஏதாவது கெட்டுப்போச்சா?"

இரண்டு வருடம் கெட்டுப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். படியில் இறங்கும்போது கைப்பிடியை ஓங்கி அடித்தாள். கைதான் வலித்தது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. படிப்புக்காக அக்கா வீட்டில் வந்து தங்கி இரண்டு வருடம் என்று பேச்சு, நான்காவது வருடம் ஓடுகிறது.

"ஏன்டி ஊமைக்கோட்டான், மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

அவள் ஒரு துண்டை எடுத்து மடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவிடம் மட்டும்தான் முழு வாக்கியங்களாகப் பேசுவாள். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, கவுன்டர் அம்மாள் கதை வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"சரி, அந்தச் சிஸ்டர் மேல புகார் குடு."

"எதுக்கு? அவங்க நோயாளிக்கு நல்லதுதானே பண்ணியிருக்காங்க."

"அப்ப கவுன்டர் மேல குடு."

"வந்த நேரம் என் கணக்குலயே இல்லக்கா. அவங்க பொய் எழுதினதால எனக்குத் தப்பு தெரியாம இருந்தது, அவ்வளவுதான்."

"உங்க சார்தானே இந்தத் திட்டத்தைப் போட்டது? அவரு போய்ப் பார்த்தாரா?"

"அவரும் பார்க்கல."

"அப்ப யாரைத்தான்டி திட்டறது? யாரையாவது திட்டினாத்தானே சோறு இறங்கும்?"

அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதுதான் அவளுக்கும் எரிச்சலாக இருந்தது. ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

"சார்கிட்ட சொல்லாம விட்டுட்டா என்ன ஆகும்?" அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கட்டி மெதுவாத்தான் வளருதுன்னு நம்பி, கதிர் கொடுக்கற இடைவெளியைக் கூட்டுவாங்க. அதுக்குள்ள அது வளர்ந்துடும்."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நாளைக்கே போய்ச் சொல்லு. வாயை வாடகைக்கா விட்டிருக்க?" என்றாள்.

புதன்கிழமை பேராசிரியர் ஊரில் இல்லை. வியாழன் காலையில்தான் பிடிக்க முடிந்தது. அறையில் நாற்காலி முழுக்கக் காகிதக் கட்டுகள், ஆகவே நின்றுகொண்டே சொன்னாள். ஒத்திகை பார்த்து வந்ததில் பாதிதான் வெளியே வந்தது. அவர் சீட்டையும் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கடிகாரத்தை நகர்த்தினாங்களா? மருத்துவமனையா, விளையாட்டு மைதானமா?" மேசையைச் சுற்றி நடந்தார். நின்றார். அவருக்குள் இருந்த விஞ்ஞானி திரும்பி வந்தார். "சரி. தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? இருபத்திரண்டு நிமிஷம். எல்லாத்துலயும் கழிச்சிடு."

"எல்லாத்துலயும் இருபத்திரண்டு இல்ல சார். ஆரம்பத்துல அஞ்சு."

"அப்ப அஞ்சுல இருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒரு நேர்க்கோடு போடு. அந்தந்த மாசத்துக்கு எவ்வளவு வருதோ அதைக் கழி."

"கோடு இல்ல சார். டாக்டர் லீவுல போனா சரிபண்ணிடுவாங்க, வந்ததும் மறுபடி நகர்த்துவாங்க. எப்ப எவ்வளவுன்னு சிஸ்டருக்கே தெரியாது. அது மலைப்பாதை மாதிரி."

"சராசரி பன்னிரண்டு, பதிமூணு வரும். அதைப் போட்டு, தோராயம்னு ஒரு குறிப்பு எழுதிடலாம்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் தலையாட்டிவிட்டுத் திரும்புவாள். அவரும் அதை எதிர்பார்த்துப் பேனாவை எடுத்துவிட்டார்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"அது தோராயம் இல்ல. நாம கண்டுபிடிச்ச நம்பரும் இல்ல. நாமளா போட்ட நம்பர். கவுன்டர்ல பதினஞ்சைக் கூட்டறாங்க. நாம பதிமூணைக் கழிக்கப்போறோம்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"முப்பத்தொரு பேர்ம்மா. முப்பத்தொரு பேருக்கு ஊசி போட்டிருக்கோம். அதைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?"

"உங்களுக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல, பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்னு சொல்லித்தான் அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கினோம். இப்ப இந்த நம்பரைக் குடுத்தா பின்னாடி வர்றவங்களுக்குத்தான் சார் கெடுதல்." நிறுத்தினால் பேச்சு மறுபடி வராது என்று பயந்து வேகமாகச் சொன்னாள். "பழுப்பு எண்ணினது கெடல. அதுக்கு நேரம் தேவையில்ல. நாலு தடவை எண்ணியிருக்கேன், அது நிக்கும். இரட்டிப்பு நாள் அட்டவணையை மட்டும் எடுத்துடலாம்."

"அட்டவணையை எடுத்துட்டா உன் ஆய்வுல என்ன இருக்கு?"

"பாதிகூட இல்ல சார்."

"தெரிஞ்சுதான் பேசறியா? இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கூட்டத்துல கேப்பாங்க. யாரு தப்புன்னு கேப்பாங்க. சிஸ்டர் பேரைச் சொல்லவா?"

"வேண்டாம் சார். அந்தக் கடிகாரம் எதுக்காக ஓடுதோ அந்த வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. நான்தான் ரெண்டு வருஷமா ஒரு நாளும் உள்ள போய்ப் பார்க்கல. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகுதான்னு ஆய்வு செய்யறவ சரிபார்க்கலன்னு எழுதிக்கறேன்."

"நானும்தான் பார்க்கல," என்றார் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தபடியே. மன்னிப்பு மாதிரி இல்லை, எரிச்சல் மாதிரிதான் இருந்தது. நான்கு முறை எண்ணவைத்தது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. கதிர்சிகிச்சைப் பிரிவுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "முன்னாடியே பார்த்திருக்கலாமே?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பின் மூன்று வாரம் வெறும் காகித வேலை. புது அனுமதி, புதுப் படிவம், பழைய கணக்குகளை மூட ஒரு கடிதம், அந்தக் கடிதம் கிடைத்தது என்று இன்னொரு கடிதம். அரங்குக்குள் போக அனுமதிச்சீட்டு வாங்க மட்டும் ஆறு கையெழுத்து. ஆறாவது கையெழுத்துக்காரர், "உள்ள போய் நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். "நிக்கப்போறேன்" என்றாள். அவர் சந்தேகத்தோடுதான் போட்டார்.

கடைத்தெருவில் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளும் கடிகாரம் ஒன்று வாங்கினாள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். மணி என்ன என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் தெரியும். கல்லாவில் நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இது போதும். ஆரம்பத்திலிருந்தே இது போதுமாக இருந்தது. மணியே அவளுக்குத் தேவைப்படவில்லை. யார் கடிகாரம் எப்படி ஓடினால் என்ன, நடுவில் உள்ள நேரம்தானே வேண்டும்?

நோயாளி எண் ஒன்று, மறுபடியும். நாற்பது வயது தச்சர். தயார் செய்யும் அறையில் மயக்க மருத்துவர் குறி மருந்தை ஏற்றியதும் பொத்தானை அழுத்தினாள். தச்சர் அவளைப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா?" என்று கேட்டார். "எண்ணறதுக்கு" என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்ததோ, அடுத்து ஏற்றிய மயக்க மருந்து வேலை செய்துவிட்டதோ, கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். தொப்பி காதுவரை இறங்கியது. முகக்கவசத்துக்குள் மூச்சு சூடாக இருந்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். சுவர்க்கடிகாரம் எதிரே இருபத்தைந்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இந்த வாரம் மூன்று நிமிடம் கூட்டியிருக்கிறாள். பெரிய டாக்டர் கிட்டத்தட்டச் சரியான நேரத்துக்கு உள்ளே வந்தார்.

அவள் கால் மரத்துப்போகும்வரை நின்றாள். எலும்பை அறுக்கும் சத்தம், உறிஞ்சு குழாயின் சத்தம், நடுநடுவே டாக்டரின் கதை. யாரோ சிரித்தார்கள். பிறகு டாக்டரின் கை நின்றது. இடுக்கி முனையில் ஏதோ சாம்பல் நிறத்தில், கடலை அளவுக்கு. இரண்டு வருடமாக ஆயிரம் ஆயிரமாக எண்ணிய பொருள் முழுசாக எப்படி இருக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

"ஒரு மணி..." குரல் கவசத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

சிஸ்டர் சீட்டும் பேனாவுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"யாரு அது மூலையில?" பெரிய டாக்டர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஆய்வகத்துல இருந்து, டாக்டர்," என்றாள் சிஸ்டர். "நேரம் குறிச்சுக்க வந்திருக்காங்க."

"அதைத்தான் நீங்க கடிகாரத்தைப் பார்த்து எழுதுவீங்களே சிஸ்டர். இப்ப எதுக்குப் புதுசா ஒரு ஆள்?"

சிஸ்டரின் பேனா அசையவில்லை. மயக்க மருத்துவர் தன் கருவியை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"நானே நின்னு பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும், டாக்டர்," என்றாள் அவள்.

"அப்படியா? அப்ப எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா. எவ்வளவு?"

"ஒரு மணி நாற்பத்தாறு நிமிஷம்," என்றாள். அந்த அறைக்கு அது கொஞ்சம் அதிக சத்தம்தான். சிஸ்டர் எழுதினாள். எக்ஸ்பிரஸ் கதவருகே குளிர்பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.